ஃபுட்பால் கிளப் ஓனர் ஆகணுமா? முதல்ல சம்பளத் தேதிய பாருங்க

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், என்கிட்ட கிளப் எதுவும் கிடையாது, வாங்குற அளவு காசும் கிடையாது. ஆனா கிளப்புங்களோட வருஷக் கணக்கு படிக்கிறது எனக்கு ஒரு கிறுக்கு, மத்தவங்க கோல் ஹைலைட்ஸ் பாக்குற நேரத்துல நான் இங்கிலாந்து கிளப்புங்க பைல் பண்ற பேலன்ஸ் ஷீட்ட ஓபன் பண்ணி உக்காந்திருப்பேன். அப்படி படிச்சு படிச்சு புரிஞ்சது என்னன்னா, ஓனரோட நிஜ வேலை கப் தூக்குறது இல்ல, மாசக் கடைசில ஆட்டக்காரங்கல இருந்து புல் வெட்டுறவங்க வரைக்கும் எல்லாருக்கும் சம்பளம் போகுதான்னு பாத்துக்கறதுதான். அதுக்கு மேல அவங்க பண்றதுல பாதி தேவையில்லாத வேலை, சிலது கிளப்பையே கவுக்குற வேலை. சரி, உங்ககிட்ட காசு இருக்கு, ஆசையும் இருக்குன்னு வெச்சுப்போம், எப்படி பண்றதுன்னு பாக்கலாம்.

எந்த நாட்டுல வாங்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, ஏன்னா "ஓனர்"ங்கற வார்த்தைக்கே ஊருக்கு ஊர் அர்த்தம் வேற. ஜெர்மனில 50+1னு ஒரு விதி, ஓட்டுல பாதிக்கு மேல கிளப் மெம்பர்ஸ் கைலதான் இருக்கணும், லெவர்குசென், வோல்ஃப்ஸ்பர்க் மாதிரி பழைய கம்பெனி டீம்களுக்கு மட்டும் விதிவிலக்கு, அதனால அங்க நீங்க காச கொட்டலாம், முழு அதிகாரம் கிடைக்காது. ஸ்பெயின்ல ரியல் மாட்ரிட், பார்சிலோனா ரெண்டையும் விலைக்கே வாங்க முடியாது, அது மெம்பர்ஸோடது, தலைவர எலக்ஷன் வெச்சு எடுப்பாங்க. அமெரிக்காவோட எம்எல்எஸ்ங்கற லீக்ல நீங்க வாங்குறது உண்மைல லீக்ல ஒரு பங்கு, கூடவே ஒரு டீம நடத்துற உரிமை, சான் டியாகோ டீமுக்கு 2023ல 50 கோடி டாலர்னு சொன்னாங்க, ஆனா கடைசி இடங்கள்ல முடிக்கிற டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்குற பேச்சே அங்க கிடையாது, நிம்மதியா தூங்கலாம். இங்கிலாந்துலதான் முழு கிளப்பையும் வாங்கலாம், முழுசா தொலைக்கவும் செய்யலாம். அதனால இங்க நான் பேசுறது பெரும்பாலும் இங்கிலாந்து கதைதான்.

விலைய பாத்து ஏமாறாதீங்க. 2003ல செல்சி கிளப்ப ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் சுமார் 14 கோடி பவுண்டுக்கு வாங்குனார், 2022ல அது 250 கோடி பவுண்டுக்கு போச்சு, இத மட்டும் பாத்துட்டு ஆஹா என்ன லாபம்னு சொல்றவங்க நிறைய பேர். நடுவுல அவர் கிளப்புக்கு கொடுத்த கடனே சுமார் 150 கோடி பவுண்ட், அத திருப்பிக் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டார், உக்ரைன் போருக்கு அப்புறம் பிரிட்டிஷ் அரசு தடை போட்டதால வித்த காசும் அவர் கைக்கு போகல, பேங்க்ல முடங்கிடுச்சு. இன்னொரு பக்கம் பரி கிளப், 1885ல ஆரம்பிச்சது, 2018 டிசம்பர்ல வெறும் 1 பவுண்டுக்கு கை மாறுச்சு. 2019 ஆகஸ்ட்ல லீக்ல இருந்தே தூக்கிட்டாங்க, காரணம் கிளப்ப நடத்த காசு இருக்குன்னு நிரூபிக்க முடியல. ஒரு பவுண்டுக்கு கிளப் கிடைக்குதுன்னா நீங்க வாங்குறது கிளப் இல்ல, அதோட கடன்.

அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு நல்ல அக்கவுண்டண்ட், ஒரு நல்ல வக்கீல், ரெண்டு பேரையும் கூட்டிட்டு போய் சில விஷயங்கள தோண்டுங்க. ஸ்டேடியம் கிளப் பேர்ல இருக்கா, இல்ல வேற எவன் பேர்லயாவது இருக்கா? இது சாதாரண கேள்வி இல்ல, கவெண்ட்ரி கிளப்புக்கு சொந்த ஊர் ஸ்டேடியம் சொந்தமா இல்லாததால வாடகைத் தகராறு வந்து 2013-14ல நார்தாம்ப்டன்லயும், அப்புறம் 2019ல இருந்து ரெண்டு சீசன் பர்மிங்காம்லயும் போய் "ஹோம்" மேட்ச் ஆடுச்சு, அடுத்த ஊர்ல போய் ஹோம் மேட்ச், யோசிச்சுப் பாருங்க. அடுத்தது, வரி பாக்கி எவ்ளோ. போன வருஷம் வாங்குன ஆட்டக்காரங்களுக்கு இன்னும் எத்தன தவணை கட்டணும், அடுத்த சீசன் டிவி காச அடகு வெச்சு ஏற்கனவே கடன் வாங்கிட்டாங்களா, சீசன் டிக்கெட் வித்த காசு அக்கவுண்ட்ல இருக்கா இல்ல தீந்துடுச்சா. முக்கியமா ஆட்டக்காரங்க கான்ட்ராக்ட் ஒவ்வொண்ணையும் எடுத்து, டீம் கீழ இறங்குனா சம்பளம் குறையும்ங்கற வரி இருக்கான்னு பாருங்க. அது இல்லாம டீம் இறங்குச்சுன்னா வருமானம் பாதாளத்துக்கு போகும், சம்பளம் மட்டும் மேல் டிவிஷன்லயே நிக்கும்.

உங்களையும் தோண்டுவாங்க, அது வேற. ஓனருக்குன்னு தகுதி சோதனை இருக்கு, காசு எங்க இருந்து வந்துச்சுன்னு காட்டணும், இப்போ 2025ல புது சட்டம் வந்து இங்கிலாந்துல ஃபுட்பாலுக்குன்னே தனி ரெகுலேட்டர் வேற வந்தாச்சு. கடன் வாங்கி கிளப்ப வாங்கி அந்தக் கடனையே கிளப் தலைல கட்டற வழியும் உண்டு, 2005ல மான்செஸ்டர் யுனைட்டட்ல கிளேசர் குடும்பம் பண்ணது அதுதான், அதோட வட்டிய கிளப்தான் கட்டுது. சட்டப்படி தப்பில்ல. ரசிகர்கள் மட்டும் இருபது வருஷமா மன்னிக்கல.

வாங்கியாச்சா, இப்போ ஒரு காலண்டர் எடுத்து சுவத்துல மாட்டுங்க. மேட்ச் அட்டவணைக்கு இல்ல, காசு அட்டவணைக்கு.

சீசன் டிக்கெட் காசு சீசன் முடியுற நேரத்துல இருந்து கோடை வரைக்கும் மொத்தமா வரும், அக்கவுண்ட்ல பெரிய தொகை நிக்கும், உங்களுக்கே ஒரு தெம்பு வரும், அந்தத் தெம்புலதான் பாதி பேர் ஒரு ஸ்ட்ரைக்கர வாங்கி மாட்டிக்கறாங்க. அந்தக் காசு அடுத்த மே வரைக்கும் வரணும். சீசன் முடிஞ்சதும் மே கடைசில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் டிக்கெட் கவுண்டர் மூடிக் கிடக்கும், ஆனா சம்பளம் நிக்காது, கான்ட்ராக்ட் ஜூன் 30 வரைக்கும் ஓடும். லீக் மேட்ச்ல கேட் கலெக்ஷன் ஹோம் டீமுக்குத்தான், அதனால வரிசையா ரெண்டு மூணு வெளியூர் மேட்ச் வந்தா வரவு சுத்தமா இல்ல, பஸ்ஸும் ஹோட்டலும் செலவு. சின்ன டிவிஷன்ல குளிர்காலத்துல மைதானம் உறைஞ்சு போய் சனிக்கிழமை மேட்ச் தள்ளிப்போகும், அத செவ்வாய்க்கிழமை ராத்திரி வெப்பாங்க, கூட்டம் பாதியா குறையும். பெரிய டீம்களுக்கு டிவி காசு கைகொடுக்கும், சின்ன டீமுக்கு அந்த ஒரு சனிக்கிழமையே சம்பளத்த ஆட்டிடும்.

சம்பளம் போகலன்னா என்ன ஆகும்? ஃபிஃபா விதிப்படி ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி வெச்சீங்கன்னா, ஆட்டக்காரர் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் பாத்துட்டு கான்ட்ராக்ட முறிச்சுட்டு சும்மா நடந்து போயிடலாம். நீங்க கோடி கொடுத்து வாங்குன சொத்து கதவத் திறந்துட்டு போகுது. கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு, அதாவது திவால் மேற்பார்வைக்கு போச்சுன்னா லீக் பாயிண்ட் வெட்டு, இங்கிலாந்தோட மேல் டிவிஷனான பிரீமியர் லீக்ல 9, அதுக்குக் கீழ 12. போர்ட்ஸ்மவுத் 2008ல எஃப்ஏ கப், அதாவது இங்கிலாந்தோட பெரிய நாக்-அவுட் கோப்பை, ஜெயிச்ச டீம். 2010 பிப்ரவரில பிரீமியர் லீக்ல இருக்கும்போதே அட்மினிஸ்ட்ரேஷனுக்கு போன முதல் கிளப் ஆச்சு, 9 பாயிண்ட் போச்சு, அதே சீசன்ல மறுபடி எஃப்ஏ கப் ஃபைனலும் ஆடி டிவிஷன்லயும் இறங்குச்சு, 2013ல நாலாவது டிவிஷன்ல இருந்துச்சு. கடைசில ரசிகர்களே காசு போட்டு வாங்கி காப்பாத்துனாங்க. அஞ்சே வருஷத்துல கப்பும் போய் டிவிஷனும் போய்.

அடுத்து ஆட்டக்காரர் கணக்கு. எனக்கு இதுதான் பிடிச்ச இடம், கொஞ்சம் மெதுவா போவோம். ஒருத்தர 4 கோடி பவுண்டுக்கு 5 வருஷ கான்ட்ராக்ட்ல வாங்குறீங்கன்னு வைங்க. கணக்குப் புத்தகத்துல இந்த வருஷச் செலவு 4 கோடி இல்ல, அத 5 வருஷத்துக்குப் பிரிச்சு வருஷத்துக்கு 80 லட்சம்தான். ரெண்டு வருஷம் கழிச்சு புத்தகத்துல அவர் மதிப்பு 2 கோடி 40 லட்சம், அப்போ 3 கோடிக்கு வித்தா, வாங்குன விலையவிட 1 கோடி கம்மிக்கு வித்திருந்தாலும் கணக்குல 60 லட்சம் லாபம்னு காட்டும். வித்தைதான். செல்சி இத இன்னும் நீட்டி 7, 8 வருஷ கான்ட்ராக்டா போட்டுத் தள்ளுனாங்க, அப்புறம் 2023ல ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யூஇஎஃப்ஏவும் பிரீமியர் லீக்கும் 5 வருஷத்துக்கு மேல பிரிக்கக் கூடாதுன்னு கதவ சாத்திட்டாங்க. ஆனா ஒண்ணு கவனிங்க, இதெல்லாம் புத்தகத்துல. கைக்காசு வேற. அந்த 4 கோடிய மூணு தவணையா கட்டறேன்னு பேசியிருந்தீங்கன்னா, அந்த தவணை சம்பளத் தேதிக்கு முந்தின நாள் வந்து நிக்கும்.

உங்க அகாடமில, அதாவது கிளப்போட சொந்தப் பயிற்சிப் பள்ளில, வளந்த பையன வித்தா புத்தகத்துல அவன் மதிப்பு பூஜ்யம்ங்கறதால வித்த விலை மொத்தமும் லாபம். அதனாலதான் ரசிகர்கள் ரொம்ப நேசிக்கிற லோக்கல் பையனையே ஓனர் முதல்ல விக்கறார், பாக்குறதுக்கு துரோகம் மாதிரி இருக்கும், விதி எழுதின விதம் அப்படி. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கதை இதுக்கு நல்ல பாடம். மூணு வருஷ நஷ்டத்துக்கு பிரீமியர் லீக்ல அப்போ ஒரு உச்சவரம்பு இருந்துச்சு, முழு காலமும் அங்கயே இருந்த கிளப்புக்கு 10.5 கோடி பவுண்ட், புதுசா மேல வந்த ஃபாரஸ்டுக்கு அதவிட கம்மி. கணக்கு மூடுறது ஜூன் 30. பிரென்னன் ஜான்சன் அவங்க அகாடமி பையன், அவர வித்தா கணக்கு நேராகும், ஆனா நல்ல விலைக்கு காத்திருந்து 2023 செப்டம்பர் 1 அன்னிக்குத்தான் டோட்டன்ஹாமுக்கு வித்தாங்க. விலை நல்லாத்தான் கிடைச்சது. தேதி தாண்டிடுச்சு. 4 பாயிண்ட் வெட்டு. ஒரு வியாபாரி பார்வைல அவங்க பண்ணது சரிதான்னு நான் இப்பவும் சொல்லுவேன், ஆனா லீக்குக்கு வியாபாரம் பத்தி கவலை இல்ல, ஜூன் 30 பத்திதான் கவலை. எவர்டனுக்கும் அதே சீசன்ல முதல்ல 10 வெட்டி, அப்பீல்ல 6 ஆக்கி, அப்புறம் இன்னொரு கேஸ்ல 2 வெட்டுனாங்க.

டிரான்ஸ்ஃபர் விண்டோவோட, அதாவது ஆட்டக்காரங்கள வாங்கி விக்க அனுமதி இருக்குற காலத்தோட, கடைசி நாள் உங்க பக்கத்துல ஒருத்தர உக்கார வைங்க, உங்க போன அவர் கையில கொடுங்க. நிஜமாத்தான் சொல்றேன். அன்னிக்கு ஏஜெண்ட் பேசுவார், "இப்போ விட்டா கிடைக்காது"ன்னு, வேற கிளப்பும் கேக்குதுன்னு, அது உண்மையா பொய்யான்னு உங்களுக்கு தெரிய வாய்ப்பே இல்ல, அந்தக் கடைசி நேரத்துல எவ்ளோ பெரிய பிசினஸ்மேனுக்கும் புத்தி கழண்டுடும். காலைலயே ஆட்டக்காரங்கள வாங்கி விக்குற பொறுப்புல இருக்குற ஸ்போர்ட்டிங் டைரக்டர்கிட்ட இவ்ளோதான் லிமிட்னு ஒரு நம்பர எழுதிக் கொடுத்துட்டு ஒதுங்கிடுங்க. பேப்பர் வேலைக்கும் ஆள் தயாரா இருக்கணும். 2017ல லெஸ்டர் அட்ரியன் சில்வாவ வாங்குனப்போ ரெஜிஸ்ட்ரேஷன் 14 செகண்ட் லேட்டு, ஃபிஃபா ஏத்துக்கல, மனுஷன் ஜனவரி வரைக்கும் ஆட முடியாம சம்பளம் மட்டும் வாங்கிட்டு உக்காந்திருந்தார். 14 செகண்ட்!

மேனேஜர், அதாவது டீமோட தலைமைக் கோச், விஷயத்துல ஒரு ஓனருக்கு வர்ற சபலம் மாதிரி வேற எதுலயும் வராது. மூணு மேட்ச் தோத்தா ஸ்டேடியமே உங்க சீட்ட பாத்து கத்தும், மேனேஜர தூக்கிட்டா ஒரு வாரத்துக்கு சத்தம் அடங்கும். ஆனா தூக்குறதுக்கு விலை இருக்கு, மீதி கான்ட்ராக்ட் காசு, அவர் கூட கூட்டிட்டு வந்த அசிஸ்டண்ட், கோல்கீப்பர் கோச், ஃபிட்னஸ் ஆளுங்க எல்லாருக்கும் செட்டில்மெண்ட், அப்புறம் புதுசா வர்றவர் தன் கூட்டத்தோட வருவார், முன்னவர் வாங்குன ஆட்டக்காரங்கள்ல பாதி பேர் தனக்கு வேணாம்பார். லெஸ்டர் ஜெயிச்சா ஒண்ணுக்கு 5000 தர்றோம்னு பந்தயக் கம்பெனிங்க சொன்ன சீசன்ல, 2016ல, லீக்கே ஜெயிச்சது, ஜெயிச்சுக் கொடுத்த ரனியேரிய ஒம்பது மாசத்துல, 2017 பிப்ரவரில அனுப்பிட்டாங்க. உலகமே திட்டுச்சு, ஆனா டீம் அந்த சீசன்ல இறங்காம தப்பிச்சுது, அதனால தப்பா சரியான்னு என்னால இன்னும் தீர்ப்பு சொல்ல முடியல. ஒண்ணு மட்டும் உறுதியா சொல்லலாம், தோத்த மேட்ச் முடிஞ்ச ராத்திரி எந்த முடிவும் எடுக்காதீங்க, திங்கக்கிழமை எடுங்க. டிரெஸ்ஸிங் ரூம் பக்கமும் போகாதீங்க, நீங்க கதவுகிட்ட வந்தாலே உள்ள பேச்சு நின்னுடும்.

மேட்ச் நாள் எப்படி இருக்கும்னு கேட்டீங்கன்னா, வெளிய இருந்து பாக்குற அளவு ஜாலி கிடையாது. வழக்கப்படி எதிர் டீம் டைரக்டர்ஸுக்கு நீங்கதான் சாப்பாடு போடணும், கோட்டு டை போட்டு பக்கத்துல உக்காந்து பணிவா பேசணும், ரெண்டு மணி நேரம் கழிச்சு அவங்க உங்கள மூணு கோல்ல அடிச்சுட்டு போறப்போ சிரிச்ச முகமா கை கொடுக்கணும். டைரக்டர்ஸ் பாக்ஸ்ல உங்க முகத்துக்குன்னே ஒரு கேமரா இருக்கும், கோல் வாங்குன மூணாவது செகண்ட் உங்க மூஞ்சி டிவில வரும், கொட்டாவி விட்டா அதுவும் வரும், போன் பாத்தா அன்னிக்கு ராத்திரிக்குள்ள மீம் ஆயிடும். குடும்பத்துல கல்யாணம் காட்சி எதுவா இருந்தாலும் சனிக்கிழமை இல்லாம பாத்துக்க சொல்லுங்க, கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் மேட்ச் இருக்கும்.

இனி ரசிகர்கள். அவங்க எதையும் பொறுத்துப்பாங்க, தோல்விய கூட. பேர், கலர், சின்னம், இந்த மூணுல மட்டும் கை வெக்காதீங்க. கார்டிஃப் ஓனர் 2012ல காலங்காலமா நீலம் போட்ட டீம சிவப்புக்கு மாத்துனார், சிவப்பு ராசின்னு, டீம் பிரீமியர் லீக்குக்கே போச்சு, அப்பவும் ரசிகர்கள் விடல, 2015 ஜனவரில மறுபடி நீலம். ஹல் சிட்டிய ஹல் டைகர்ஸ்னு மாத்தப் பாத்தாங்க, 2014ல இங்கிலாந்து ஃபுட்பால் அசோசியேஷனே முடியாதுன்னுடுச்சு. பிளாக்பர்ன 2010ல இந்தியாவோட கோழிக் கம்பெனி வெங்கிஸ் வாங்குச்சு, அடுத்த மாசமே மேனேஜர மாத்துனாங்க, 2012ல டீம் இறங்குச்சு, இறங்குன அன்னிக்கு ஒரு ரசிகர் கிளப் கொடிய போத்தி ஒரு நிஜக் கோழிய மைதானத்துக்குள்ள விட்டுட்டார். அதுக்கப்புறமும் பல வருஷம் நஷ்டத்துக்கு அவங்க கைக்காசு போட்டுட்டுத்தான் இருந்தாங்க, அதுக்கு யாரும் கை தட்டல, கோழி மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

எதிர்ப்பக்கம் பாத்தா ரெக்ஸம். அந்த கிளப் ரசிகர் டிரஸ்ட்டுக்கு சொந்தமா இருந்துச்சு, ரெண்டு நடிகர்கள் வாங்க வந்தப்போ டிரஸ்ட் மெம்பர்ஸ்கிட்ட போய் திட்டத்த சொல்லி ஓட்டு கேட்டாங்க, 98 சதவீதத்துக்கு மேல சரின்னு விழுந்துச்சு, 2021 பிப்ரவரில கைக்கு வந்துச்சு, 2023, 2024, 2025னு வரிசையா மூணு தடவ மேல ஏறிட்டாங்க. டாக்குமெண்டரி காசு, ஸ்பான்சர் எல்லாம் உதவுச்சுதான், அத மறைக்க வேணாம், ஆனா முதல்ல போய் கேட்டாங்க பாருங்க, அங்கதான் ஆரம்பம். கேக்காம பண்ணது 2021 ஏப்ரல்ல சூப்பர் லீக், பெரிய கிளப்புங்க தங்களுக்குன்னு தனியா ஆரம்பிக்கப் பாத்த ஐரோப்பியப் போட்டி, 12 கிளப் ஓனர்ங்க ராத்திரியோட ராத்திரியா அறிவிச்சாங்க, ரெண்டே நாள்ல இங்கிலாந்து கிளப் ஆறும் வெளிய வந்துடுச்சு, ஒருத்தர் வீடியோல மன்னிப்பு கேட்டார்.

ரெண்டாவது கிளப் வாங்குற யோசனை வந்தா தள்ளிப் போடுங்க. ஒரே ஆள் கைல இருக்குற ரெண்டு டீம் ஒரே ஐரோப்பியப் போட்டில ஆடக் கூடாது, கிரிஸ்டல் பேலஸ் 2025ல எஃப்ஏ கப் ஜெயிச்சு யூரோப்பா லீக் இடம் வாங்கியும், பங்குதாரர் ஒருத்தருக்கு லியோன் கிளப்பும் இருந்ததால அதுக்கு ஒரு படி கீழ இருக்குற கான்ஃபரன்ஸ் லீக்குக்கு தள்ளிட்டாங்க.

விக்குறத பத்தி ரெண்டு வார்த்தை. நல்லா ஓடுற வருஷத்துல விக்க மனசு வராது, மோசமான வருஷத்துல வாங்க ஆள் வராது, அதனால வாங்குற அன்னிக்கே எத்தன வருஷம், எவ்ளோ நஷ்டம் வரைக்கும்னு ஒரு பேப்பர்ல எழுதி வீட்ல இருக்குறவங்க கையில கொடுத்துடுங்க. பேச்சுவார்த்தை மாசக்கணக்குல இழுக்கும், அந்த மாசங்களுக்கும் சம்பளம் உங்க பொறுப்புதான், புதுசா வர்றவர் பாத்துப்பார்னு விட்றாதீங்க, கையெழுத்து ஆகுற வரைக்கும் அவர் வெறும் விருந்தாளி. ஸ்டேடியத்த கிளப்போட சேத்தே வித்துடுங்க. அப்புறம் ஒப்பந்தத்துல வருஷத்துக்கு ரெண்டு டிக்கெட் உங்களுக்குன்னு ஒரு வரி சேக்கச் சொல்லுங்க, டைரக்டர்ஸ் பாக்ஸ்ல வேணாம், கோல் போஸ்டுக்குப் பின்னாடி கத்துற கூட்டத்துக்கு நடுவுல.